முதல் மூன்று வாரம்

முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்த குஞ்சுக்குத் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. வளர்ந்த கோழியின் உடம்புச் சூடு ஏறத்தாழ 106 டிகிரி ஃபாரன்ஹீட். குஞ்சின் சூடு அதைவிடச் சில டிகிரி குறைவு. மேலே இருப்பது வெறும் பஞ்சு. ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும், காற்றடித்தால் தோல் வரை குளிர் போய்விடும். இறகு முளைத்து, உடம்பு தானே சூட்டைப் பிடித்து நிறுத்த மூன்று வாரமாவது வேண்டும். அந்த மூன்று வாரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டே போனால், எங்கள் பக்கத்துக் கோழி வளர்ப்பின் கதை முழுவதும் வந்துவிடும்.

கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்தில் நான் குஞ்சு வளர்த்து விற்கிறேன். ஒரு நாள் குஞ்சாக வாங்கி, ஒரு மாதம் வைத்திருந்து, இறகு கட்டிய பிறகு கொடுப்பது என் தொழில். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சின்னசேலம், தியாகதுருகம் பக்கத்திலிருந்து வருவார்கள். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு என்று மலை மேலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் எடுத்துப்போகிறவர்களும் உண்டு. கல்வராயன் மலை என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சாராய ஊறல் செய்திதான் ஞாபகம் வருகிறது. மலைப் பெண்கள் சாமையையும் கோழியையும் வைத்துக் குடும்பத்தை நிறுத்தியது எந்தச் செய்தியிலும் வருவதில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகிர்களின் கீழ் இருந்த மலை இது. நாட்டுக்கு 1947, எங்களுக்கு 1976 என்று மேலே பெரியவர்கள் சொல்வார்கள். 1976-இல்தான் ஜாகிர் ஆட்சி போய் மலை அரசாங்கத்தின் நேரடிப் பார்வைக்கு வந்தது. ரோடும் கரண்டும் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஏறின. கீழே கோழியும் குஞ்சும் பண்ணைக்காரர் சமாசாரமாக மாறிய காலத்திலும், மேலே அது தாய்க்கோழியின் வேலையாகவும் வீட்டுப் பெண்ணின் வேலையாகவுமே நீடித்ததற்கு இது ஒரு காரணம்.

அந்த வேலையை நான் கற்றது என் ஆயாவிடம். ஆயா வளர்த்தது சிறுவிடைக்கோழி. உடம்பு சிறிசு, முட்டையும் சிறிசு, ஆனால் அடை உட்கார்ந்தால் உயிரைக் கொடுத்து உட்காரும். கோழி கொக்கரிப்பதை விட்டுவிட்டு அடித்தொண்டையில் கொறுகொறுவென்று சத்தம் போட்டு, கிட்டே போனால் இறகைச் சிலிர்த்தால் அது அடைக்குத் தயார். மூங்கில் கூடையில் மணலைப் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, ஒற்றைப்படையில் முட்டை வைப்பார் ஆயா. 9 அல்லது 11, கோழி பெரிதாக இருந்தால் 13. கூடைக்குள் ஒரு இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கலங்காமல் இருக்க என்பார். இரும்பு இடியைத் தடுக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கூடையை அடிக்கடி கிளறிப் பார்க்காதே, வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்ற கட்டுப்பாடு அந்தச் சடங்கோடு சேர்ந்து வந்தது. முட்டைக்கு அது நல்லது.

அடையில் இருக்கும் கோழியின் அடிவயிற்றில் இறகு உதிர்ந்து தோல் வெளியே தெரியும். அந்தத் தோலில் ரத்த ஓட்டம் கூடி, சூடு நேராக முட்டைக்கு இறங்குகிறது. 21-ஆம் நாள் குஞ்சு வந்த பிறகும் வேலை முடிவதில்லை. பகலில் கொஞ்ச நேரம் மேய்த்து, குளிர்ந்தவுடன் குஞ்சுகளைக் கூப்பிட்டு வயிற்றுக்கடியில் இழுத்துக்கொள்ளும். சூடு போதும் என்று பட்டால் குஞ்சு தானே வெளியே வரும். எது போதும், எது போதாது என்பதைக் குஞ்சே முடிவு செய்கிறது. புரூடர், அதாவது தாய்க்குப் பதிலாகக் குஞ்சுக்குச் சூடு தரும் அமைப்பு, வைக்கிறவர்கள் தாய்க்கோழியிடம் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

தாய் செத்துப்போன குஞ்சுகளையும் ஆயா பிழைக்க வைத்திருக்கிறார். பழைய பருத்திச் சேலையை மடித்துக் கூடையில் போட்டு, அடுப்பங்கரையில் ஓரமாக வைப்பார். ராத்திரிக்குச் செங்கல்லை அடுப்பில் சூடேற்றிச் சாக்கில் சுற்றி நடுவில் வைப்பார். வேறொரு அடைக்கோழி இருந்தால், இருட்டிய பிறகு குஞ்சை அதன் இறக்கைக்கடியில் நுழைத்துவிடுவார். “பகல்ல வெச்சா கொத்திப்புடும். ராத்திரி வெச்சா, விடிஞ்சதும் தன் புள்ளைன்னே நெனச்சுக்கும், கண்ணு” என்பார்.

மலையில் கோழியை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விடும் வழக்கமும் இருந்தது. கோழி இல்லாத வீட்டுக்கு ஒரு பெட்டையைக் கொடுப்பார்கள். அந்த வீட்டுப் பெண் அடை வைத்துக் குஞ்சு தேற்றினால் ஆளுக்குப் பாதி. தேற்றுவதுதான் அங்கே உழைப்பு. பருந்து, கீரி, காட்டுப்பூனை, மார்கழிப் பனி எல்லாவற்றையும் தாண்டி வந்ததே பங்குக்குக் கணக்கு. 2000 அடியிலிருந்து 3000 அடி உயரத்தில் இருக்கும் ஊர்களில் பனி மாதத்துக் குஞ்சு தேறுவது சுலபம் இல்லை. அதனால் விவரம் தெரிந்த பெண்கள் தை கழிந்த பிறகே அடை வைப்பார்கள்.

காட்டுக்கோழி முட்டையை எடுத்துவந்து வீட்டுக்கோழிக்கு வைத்துப் பார்த்த கதைகளும் மேலே உண்டு. குஞ்சு பொரித்ததும் காட்டைப் பார்த்து ஓடிவிடுமாம். சட்டப்படி இன்று அப்படி எடுப்பது குற்றம். ஆனால் வீட்டுக்கோழிக்கும் தென்னிந்தியக் காட்டில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் உள்ள உறவு மெய்யானது. வீட்டுக்கோழியின் முதல் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றாலும், அதன் மஞ்சள் கால், மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வந்த ஆய்வு சொன்னது. உலகம் முழுக்கப் பண்ணைகளில் நிற்கும் மஞ்சள் கால் கோழிகளில் நம் பக்கத்துக் காட்டின் பங்கு இருக்கிறது. எனக்கு அதில் பெருமை உண்டு.

தாய் இல்லாமல் குஞ்சை உண்டாக்கும் வித்தை மிகப் பழையது. எகிப்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மண் சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தார்கள். வெப்பமானி கிடையாது. முட்டையைக் கண் இமையில் வைத்துச் சூடு பார்ப்பார்கள். பிரான்சில் ரேமூர் என்ற அறிஞர் அந்தச் சூளைகளைப் பற்றிப் படித்துத் தானும் பொரித்துப் பார்த்து, 1749-இல் புத்தகமே போட்டார். பொரிப்பதோடு அவர் நிற்கவில்லை. குஞ்சு நுழைந்து அண்டிக்கொள்ள ஆட்டுக்குட்டித் தோல் தைத்த பெட்டி ஒன்றைச் செய்தார். முதுகில் ஏதோ மெத்தென்று படும்போது குஞ்சு அமைதியாகிறது என்பதை அவர் கவனித்திருக்கிறார். ஆயாவின் பருத்திச் சேலையும் அந்த வேலையைத்தான் செய்தது.

குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருப்பதால் இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமல் தாங்கும். இயற்கை இதைத் தாய்க்காகவே வைத்தது. முதல் குஞ்சு வந்த பிறகும், மிச்ச முட்டைகள் பொரியும் வரை அவள் எழுந்து போக முடியாதே! வியாபாரிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1892-இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஜோசப் வில்சன் என்பவர் ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் வைத்து ரயிலில் அனுப்பினார். 1918-இல் அந்நாட்டு அஞ்சல் துறையே குஞ்சுப் பெட்டிகளை ஏற்றுக்கொண்டது. குஞ்சு ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் வளரும் காலம் அப்போது தொடங்கிவிட்டது. போய்ச் சேரும் இடத்தில் தாய் இல்லை, புரூடர் கட்டாயமானது.

தமிழ்நாட்டுக்குச் சீமைக்கோழியைக் கொண்டுவந்ததில் மிஷன்காரர்களுக்குப் பங்கு உண்டு. 1924-இல் மார்த்தாண்டத்தில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் ஒயிட் லெகார்ன் கோழிகளைக் கிராமங்களுக்குக் கொடுத்து, முட்டையைக் கூட்டுறவு முறையில் விற்க ஏற்பாடு செய்தார். லெகார்ன் நிறைய முட்டை இடும். அடை உட்காருவதை அதன் ரத்தத்திலிருந்தே தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துக் கழித்துவிட்டார்கள், ஏனென்றால் அடை உட்கார்ந்த கோழி முட்டை இடாது. 1970-களுக்குப் பிறகு நாமக்கல் வளர்ந்தது. 1982-இல் பி.வி.ராவ் முயற்சியில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தது, 1985-இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து மக்காச்சோளம் லாரி லாரியாக அங்கே கோழித் தீவனத்துக்குப் போனது. எங்கள் ஊருக்குத் திரும்பி வந்தது கலர் குஞ்சு.

என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் அதைத் தெரியும். சைக்கிளின் பின்னால் வலைக்கூடை, அதற்குள் பச்சை, ரோஸ், ஊதாச் சாயம் ஏற்றிய குஞ்சுகள். பழைய இரும்பு, பிளாஸ்டிக் போட்டாலும் கொடுப்பார்கள். முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள் அவை. முட்டையும் இடாது, கறியும் ஏறாது என்று ஹேட்சரியில் கழித்தவை. பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டே திரிவோம். இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். சீக்கு வந்து செத்தது என்று பெரியவர்கள் தூக்கிப் போடுவார்கள். அந்தக் குஞ்சுகளுக்குச் சீக்கு இல்லை, குளிர். பஞ்சைச் சாயத்தில் நனைத்து, வெயிலிலும் காற்றிலும் ஊர் சுற்றிவிட்டு, ராத்திரி வெறும் தரையில் அட்டைப்பெட்டியில் விட்டால் எந்தக் குஞ்சு பிழைக்கும்? ஒரு 60 வாட் குண்டு பல்பு தொங்கவிட்டிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

புரூடர் என்ற சொல் எங்கள் பக்கத்தில் புழங்க ஆரம்பித்தது ஒப்பந்தக் கறிக்கோழிப் பண்ணைகளோடுதான். கம்பெனி குஞ்சையும் தீவனத்தையும் கொடுக்கும், ஷெட்டும் உழைப்பும் நம்முடையது. முதல் வாரம் சூபர்வைசர் வந்து நின்று புரூடர் போடச் சொல்லிக்கொடுப்பார். தகட்டை வட்டமாக வளைத்து நிறுத்துவது, உமி பரப்புவது, பல்பு தொங்கவிடுவது. நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துத் தங்கள் அளவுக்குச் சுருக்கிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான்.

தகடு ஒன்றரை அடி உயரம். வட்டமாகத்தான் வைக்க வேண்டும், மூலை இருக்கக் கூடாது. குளிர்ந்தாலோ பயந்தாலோ குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் உள்ளது நசுங்கி மூச்சு முட்டிச் சாகும். இரண்டு அங்குலம் நெல் உமி. எங்கள் ஊர் அரிசி மில்களில் அதற்குப் பஞ்சமே இல்லை. முதல் சில நாள் குஞ்சு உமியைத் தீனி என்று கொத்தாமல் இருக்க மேலே சணல் சாக்கை விரிப்பேன். பலர் செய்தித்தாள் போடுகிறார்கள். வழவழப்பான தாளில் கால் வழுக்கி, தொடை அகன்று, குஞ்சு எழுந்திருக்க முடியாமல் போகும், சாக்குதான் நல்லது. குஞ்சுக்கு ஒரு வாட்டிலிருந்து இரண்டு வாட் என்பது கணக்கு. முதல் வாரம் 95 டிகிரி, பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்க வேண்டும். ஒரே பெரிய பல்பு வேண்டாம். இரண்டு சின்னதாக இருந்தால் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது காப்பாற்றும். பல்பைச் சங்கிலியில் தொங்கவிட வேண்டும். வயர் பாரம் தாங்காது, பல்பு உமியில் விழுந்தால் கொட்டகையே எரிந்துவிடும்.

குஞ்சு வருவதற்கு முன்பே பல்பைப் போட்டு உமியைச் சூடாக்கி வைப்பேன். பெட்டியைத் திறந்ததும் ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதத்தை என் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் தீனிக்கு அவசரமில்லை, முதலில் சூடு. பிறகு கொதித்து ஆறிய தண்ணீரில் வெல்லம் கரைத்து, ஒவ்வொன்றின் அலகையும் ஒரு முறை நனைத்து விடுவேன். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தால் குஞ்சு விழுந்து முழுகாது. வெப்பமானி வைத்திருக்கிறேன், ஆனால் அதை நம்பி நான் தூங்கப் போவதில்லை. பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர். தகட்டோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கேயோ காற்று நுழைகிறது. பரவலாகப் படுத்து, சில தின்று, சில தூங்கி, மெல்லிய சத்தத்தோடு இருந்தால் சரியாக இருக்கிறது. பின்பக்கத்தில் எச்சம் ஒட்டிக்கொண்ட குஞ்சு தெரிந்தால், முந்தின ராத்திரி குளிரில் விட்டிருக்கிறோம் என்று கணக்கு.

2012-ஐச் சுற்றியிருந்த மின்வெட்டு நாட்களை இந்தத் தொழிலில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. பல்பை நம்பியவர்கள் எல்லாரும் பானைக்குத் திரும்பினோம். மண்பானையின் வயிற்றில் ஓட்டை போட்டு, உள்ளே கரியைக் கனிய வைத்து, குஞ்சு தொட முடியாதபடி சுற்றிலும் கம்பிவலை வைத்து நடுவில் நிறுத்துவது. நன்றாகச் சூடு தரும். ஆனால் கரி எரியும்போது வரும் நச்சுக் காற்றுக்கு மணமே இல்லை. குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் சாக்குப் படுதாவை இறுக்கிக் கட்டினால் குஞ்சும் சாகும், காவலுக்குப் படுத்தவரும் சாகலாம். படுதாவின் மேல்பக்கம் ஒரு அடி திறந்தே இருக்க வேண்டும். இன்றும் புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

சூடு ஒரு பக்கம் என்றால் சீக்கு இன்னொரு பக்கம். வெள்ளைக்கழிச்சல் வந்தால் மலைக் கிராமத்தில் ஒரு கோழி மிஞ்சாது. இந்தியாவில் 1927-இல் குமாவுன் மலையின் ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் அதற்கு அந்த ஊரின் பெயர். 1932 முதல் இயங்கும் ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் அதற்குத் தடுப்பூசி தயாராகிறது. பிப்ரவரியில் கால்நடைத் துறை இருவார முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறது. தடுப்பூசியை ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரு கரடு இருக்கும் ஊர்களில், காலையில் கோழியைத் திறந்துவிடுவதற்கு முன் இதைச் செய்கிற ஊழியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கும்பிடு போட வேண்டும்.

இப்போது அரசுத் திட்டங்களில் ஏழைப் பெண்களுக்கு நான்கு வாரக் குஞ்சுகளைக் கொடுக்கிறார்கள். ஒரு நாள் குஞ்சு கொடுத்தால் தேறாது என்று தெரிந்து செய்த நல்ல முடிவுதான். ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கடினமான மூன்று வாரத்தை யாரோ எங்கேயோ முடித்துக் கொடுத்தால், அந்த வித்தையும் அதன் வருமானமும் அங்கேயே தங்கிவிடுகிறது. ஒரு நாள் குஞ்சின் விலைக்கும் ஒரு மாதக் குஞ்சின் விலைக்கும் நடுவில் இருப்பதுதான் என் வீட்டுச் சோறு. அதே வேலையை வெள்ளிமலையில் ஒருத்தி, சேராப்பட்டில் ஒருத்தி செய்யலாம். வாரத்துக்கு விட்ட காலத்தில் ‘தேற்றினால் பாதி’ என்று அந்த உழைப்புக்கு மலை விலை வைத்திருந்தது. தலைவாசலில் பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையம் 2021-இல் திறந்தாகிவிட்டது, எங்களுக்கு எட்டும் தூரம். மலைக்குப் போகும் குஞ்சுப் பெட்டியோடு ஒரு தகடும் இரண்டு பல்பும் ஒரு வாரப் பயிற்சியும் அங்கிருந்து போகட்டும் என்று, கேட்கும் இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பல்புக்கே இப்போது தட்டுப்பாடு. எல்.இ.டி வெளிச்சம் தரும், சூடு தராது. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் குண்டு பல்பு கேட்டால் பழைய சரக்கில் தேடித்தான் எடுக்கிறார்கள். கேஸ் புரூடரும் அகச்சிவப்பு விளக்கும் பெரிய பண்ணைக்குக் கட்டும், இருபது குஞ்சு வளர்ப்பவளுக்குக் கட்டாது. கரியாலூர்ப் பக்கத்துப் பெண்கள் சிலர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். சிறுவிடைக்கோழி அடையில் மூன்று வாரம் முடிக்கும் நேரம் பார்த்து என்னிடம் ஒரு நாள் குஞ்சு கேட்கிறார்கள். ஹேட்சரியிலேயே மாரெக்ஸ் என்ற நோய்க்குத் தடுப்பூசி போட்டு வந்த குஞ்சு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கூமுட்டைகளை எடுத்துவிட்டு, அதன் சொந்தக் குஞ்சுகளோடு இவற்றையும் இறக்கைக்கடியில் நுழைத்துவிடுகிறார்கள். பதினைந்து வரை ஒரு கோழி மூடிக்கொள்கிறது. அப்படிக் கேட்கிறவர்களுக்கு நான் ஒரு நாள் குஞ்சையே கொடுக்கிறேன். ஏழாம் நாள் கண்ணில் விடும் சொட்டு மருந்துக்கு மட்டும், தாயையும் குஞ்சுகளையும் கூடையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு.